மாற்றுக் கட்சிக்காரரும் நிம்மதியாகக் குடியிருக்கக்கூடிய ஊர்: புதுச்சேரியைப் பற்றி ஒரு கேள்வி

தெற்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். மகளுக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்திருப்பதால், ஜூன் மாதத்துக்குள் குடும்பத்தோடு அங்கே குடிபெயர எண்ணியிருக்கிறோம். வாடகை எவ்வளவு, தண்ணீர் உப்பா என்பதையெல்லாம் தரகரிடம் கேட்டுக்கொள்ளலாம். இங்கே கேட்க விரும்புவது தரகரிடம் கேட்க முடியாத ஒன்று.

இப்போது நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு ஆண்டுகள் எவருடனும் மனத்தாங்கல் இல்லாமல் வாழ்ந்தோம். சென்ற தேர்தலின்போது குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் பகிர்ந்த செய்தி தவறானது என்று சான்றுடன் எழுதினேன். வசைச்சொல் எதுவும் அதில் இல்லை. மறுநாள் முதல் படியில் எதிர்ப்பட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நவராத்திரியில் என் மனைவி வைத்த கொலுவுக்கு இரண்டே வீட்டார்தாம் வந்தார்கள். வீட்டு உரிமையாளர் நல்ல மனிதர். ஆனாலும், “சங்கத்தோடு எனக்கு வம்பு வேண்டாம் சார், இந்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இயலாது” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

எங்களுடன் வசிக்கும் என் மாமனார், நான் எதிர்க்கும் கட்சியில் ஐம்பது ஆண்டுகளாக இருப்பவர். எங்கள் வீட்டுக்கு இரண்டு செய்தித்தாள்கள் வருகின்றன. இரண்டையும் இருவரும் படிக்கிறோம். வாதிட்ட பின் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஒரு வீட்டுக்குள் முடிவது ஒரு தெருவில் ஏன் முடியாது என்பதுதான் என்னை வருத்துகிறது. புதுச்சேரியில் அப்படி வாழ முடியுமா? எந்தப் பகுதியைப் பார்க்கலாம்? வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கடற்கரைச்சாலை

தயங்காமல் வாருங்கள். பிரிட்டிஷ் அரசு தேடிய பாரதிக்கும் அரவிந்தருக்கும் வ.வே.சு. ஐயருக்கும் இடம் கொடுத்த ஊர் இது. பிரஞ்சுக் குடியரசின் சட்டம் இங்கே நடந்ததால்தான் அவர்களால் அச்சமின்றிப் பேசவும் எழுதவும் முடிந்தது. அந்தப் பண்பு ஊரின் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். கருத்துக்காக யாரும் வீட்டை இழந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பழந்தாள்

ஊரின் மீது நண்பர் கடற்கரைச்சாலை வைத்திருக்கும் அன்பை மதிக்கிறேன். ஆனால் பாரதி இங்கே வாழ்ந்த பத்தாண்டுகளைச் சட்டத்தின் கொடை என்று சொல்வது நடந்ததற்குப் பொருந்தாது. வீடு தேடுகிறவருக்கு இந்த வேறுபாடு உண்மையிலேயே பயன்படும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1908இல் ‘இந்தியா’ இதழின் பெயரளவிலான ஆசிரியர் சென்னையில் கைது செய்யப்பட்ட பின், பாரதி புதுச்சேரிக்கு வந்தார். கையில் இருந்தது நண்பர் ஒருவரின் அறிமுகக் கடிதம் மட்டுமே. அக்கடிதத்தைப் பெற்ற குப்புசாமி ஐயங்கார் அவரை வரவேற்றுத் தம் வீட்டில் தங்கவைத்தார். பிரிட்டிஷ் போலீசார் அவரையே அணுகி அச்சுறுத்தத் தொடங்கியதும், வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி விருந்தாளியிடம் சொல்ல வேண்டிய நிலைக்கு அவர் ஆளானார். அதே பிரஞ்சு மண், அதே குடியரசுச் சட்டம். இருந்தும் முதல் வீடு சில நாள்களிலேயே கைநழுவிப் போயிற்று. குப்புசாமி ஐயங்காரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெற்குவாசல் அவர்களின் வீட்டு உரிமையாளர் இன்று இருக்கும் நிலையில்தான் அவரும் அன்று இருந்தார்.

பாரதி ஊரைவிட்டுப் போகாமல் நின்றதற்குக் காரணம், குவளைக் கண்ணன் என்று நாம் அறியும் கிருஷ்ணமாச்சாரியும் சுந்தரேச ஐயரும் முன்வந்து உதவியதுதான். ‘பாரதி அறுபத்தாறு’ படித்தவர்களுக்குக் குவளைக் கண்ணனைத் தெரிந்திருக்கும். சுந்தரேச ஐயரைப் பலர் மறந்துவிட்டார்கள். பிறகு ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் வாடகைக்குக் கிடைத்தது, விளக்கெண்ணெய்ச் செட்டியார் வீடு. வாடகை கேட்க வருகிற செட்டியார், பாரதி பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டு நின்றுவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலேயே திரும்பிப் போவார் என்று பாரதியோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1910இல் ‘இந்தியா’ நின்றுபோன பின் பாரதிக்கு நிலையான வருமானம் இல்லை. அந்த ஆண்டுகளில் வாடகை பாக்கியைப் பொறுத்துக்கொண்ட ஒருவர் செய்ததை எந்தக் குடியரசும் செய்யவில்லை.

அரவிந்தர் 1910 ஏப்ரல் 4ஆம் நாள் கப்பலில் வந்து இறங்கினார். அவரைத் தம் வீட்டின் மாடியில் மாதக்கணக்கில் வைத்திருந்தவர் கலவை சங்கரச் செட்டியார் என்ற உள்ளூர் வணிகர். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் வ.வே.சு. ஐயரும் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பின் பிரிட்டிஷாரின் நெருக்கடி கடுமையாயிற்று. அயலார் ஊரில் தங்க வேண்டுமானால் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதற்கு ஊரில் மதிப்புள்ள ஐவர் அவர்களின் நன்னடத்தைக்குச் சான்று தர வேண்டும் என்று பிரஞ்சு நிர்வாகம் விதி செய்தது. நண்பர் புகழும் சட்டம் அன்று கதவை முக்கால் பங்கு மூடிவிட்டது என்பதே உண்மை. அந்தச் சான்றில் கையெழுத்திட ஊரார் ஐவர் துணிந்தார்கள். அவர்களில் சங்கரச் செட்டியாரும் ஒருவர். பிரிட்டிஷ் ஒற்றர்கள் தெருமுனையில் வீடு எடுத்துத் தங்கிக் கண்காணித்துக்கொண்டிருந்த காலத்தில் தம் பெயரை எழுதிக் கொடுப்பது சிறிய செயலன்று.

ஆகவே “புதுச்சேரி சகிப்புத்தன்மையுள்ள ஊரா?” என்ற கேள்வியை நான் சற்று மாற்றிக் கேட்பேன். நீங்கள் பார்க்கிற வீட்டின் உரிமையாளரிடம் நாளைக்கே நாலு பேர் வந்து உங்களைப் பற்றிப் பேசினால் அவர் என்ன செய்வார்? அந்தத் தெருவில் உங்களுக்காக ஒரு சொல் சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆலைத்தெரு

பழந்தாள் எழுதியதை வரவேற்கிறேன். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அயலூர் எதிர்ப்பாளருக்கு இடம் கொடுப்பது எளிது. உள்ளூர் எதிர்ப்பாளருக்கு இடம் கொடுப்பதுதான் சோதனை. பாரதி எதிர்த்தது பிரிட்டிஷ் அரசை. அதனால் பிரஞ்சு அரசுக்கு நேரடி இழப்பு ஒன்றுமில்லை. அதே பிரஞ்சு அரசின் ஆட்சியில் 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளைக் கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். என் தாத்தா ஆலையில் வேலை செய்தவர். அவர் வாயால் ‘அடைக்கல பூமி’ என்ற சொல்லை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

1947க்குப் பிறகு, இந்தியாவோடு இணைய வேண்டும் என்று சொன்னவர்களில் பலர் அடியாட்களின் தாக்குதலுக்கு அஞ்சி எல்லையைக் கடந்து இந்தியப் பகுதிகளில் தங்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரிட்டிஷ் பகுதிகளிலிருந்து இங்கே தஞ்சம் தேடி வந்தார்கள் என்றால், இப்போது இங்கிருந்து கடலூர் பக்கம் தஞ்சம் தேடிப் போனார்கள். ஊர் ஒன்றே, காலமும் அதிகாரமும் மாறின. இதை மறைத்துவிட்டு அவருக்கு ஊரைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

கடற்கரைச்சாலை

இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஐவர் கையெழுத்திட்ட செய்தி எனக்குத் தெரியாது. ஆயினும் 1954க்குப் பிந்தைய ஒன்றையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். எட்டுப் பேர் எதிர்த்தார்கள். 1962 ஆகஸ்டில் ஆட்சி மாற்றம் சட்டப்படி முழுமையடைந்தபோது, பிரஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் அதைத் தெரிவிக்கலாம் என்று வாய்ப்பளிக்கப்பட்டது. பலர் தெரிவித்தார்கள். எங்கள் தெருவில் இன்றும் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்று இந்தியத் தேர்தலுக்கும் மற்றொன்று பிரஞ்சுத் தேர்தலுக்கும் வாக்களிக்கிறது. நாட்டுரிமையிலேயே வேறுபட்டவர்கள் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு மற்றவர் பந்தல் போடுகிறார்கள். இது எனக்குச் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

வழக்காடி

சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். எங்கும் குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு தருகிறது. ஆனால் அது அரசுக்கு எதிரான உரிமை. “உங்கள் கட்சிக்காரருக்கு வீடு தருவதில்லை” என்று சொல்லும் தனியார் உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. குடியேறிய பின் நிலைமை சற்று மேல். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமானாலும், புதுச்சேரிக்குத் தனியாக உள்ள 1969ஆம் ஆண்டுச் சட்டமானாலும், வெளியேற்றத்துக்குரிய காரணங்களை எண்ணிச் சொல்கின்றன. அவற்றில் அரசியல் கருத்து இல்லை. நடைமுறையில் எவரும் அந்தக் காரணத்தை எழுதுவதும் இல்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்க மறுத்துவிடுவார்கள், அல்லது மகன் வருகிறான் என்பார்கள். நீதிமன்றத்துக்குப் போய் வென்றாலும், வெறுக்கும் அண்டை வீட்டாரோடு அதே மாடிப்படியில் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

வெளிநாடுகளில் சில இடங்களில் அரசியல் சார்பைக் காட்டி வீடு மறுப்பதே சட்டவிரோதம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலும் சியாட்டில் நகரிலும் அவ்வாறு விதி உண்டு. வடக்கு அயர்லாந்திலும் உண்டு.

வடகடல்

வடக்கு அயர்லாந்தைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். பெல்பாஸ்டில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். இங்கே வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

இந்த நாட்டின் அண்மைக்கால வரலாறே ஒரு வீட்டிலிருந்துதான் தொடங்கியது என்பார்கள். 1968 ஜூன் மாதம் கலிடன் என்ற சிற்றூரில், குழந்தைகளோடு காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களை விட்டுவிட்டு, அரசு வீடொன்றைத் திருமணமாகாத பத்தொன்பது வயதுப் புராட்டஸ்டண்டுப் பெண்ணுக்கு ஒதுக்கினார்கள். ஆஸ்டின் கரி என்ற சட்டமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் புகுந்து அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார். குடிமை உரிமை இயக்கத்தின் ஊர்வலங்கள் அவ்வாண்டே தொடங்கின. வீடு ஒதுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளிடமிருந்து எடுத்து, 1971இல் பொதுவான வீட்டுவசதி அமைப்பு ஒன்றிடம் கொடுத்தார்கள். 1998ஆம் ஆண்டின் ஆணை, சமய நம்பிக்கையையோ அரசியல் கருத்தையோ காட்டி வேலையோ வீடோ மறுக்கக்கூடாது என்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், 1969இலிருந்து எழுப்பப்பட்ட பிரிவுச் சுவர்கள் இன்றும் பெல்பாஸ்டில் நிற்கின்றன. சிலவற்றின் வாயிற்கதவுகளை இரவில் பூட்டுகிறார்கள். நான் முதன்முதலில் பார்த்த வீடு அழகாகவும் மலிவாகவும் இருந்தது. மருத்துவமனையில் என்னோடு பணிபுரியும் மூத்த செவிலி, “முன்பணம் கொடுக்கும் முன் மாலையில் ஒருமுறை நடந்து போய்ப் பார், விளக்குக் கம்பங்களையும் நடைபாதை ஓரக்கற்களையும் பார்” என்றார். ஓரக்கற்களுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மாறி மாறி வண்ணம் தீட்டியிருந்தது. அவை பிரிட்டன் கொடியின் நிறங்கள். எதிர்ப்பக்கத்தினர் இருக்கும் தெருக்களில் அயர்லாந்துக் கொடியின் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. வண்ணமே இல்லாத தெருவில் வீடு எடுத்தேன். என் மேல்வீட்டில் ஒரு தரப்பாரும் எதிர்வீட்டில் மறுதரப்பாரும் இருக்கிறார்கள். குப்பைத்தொட்டியை ஒருவருக்காக ஒருவர் உள்ளே இழுத்து வைக்கிறார்கள்.

ஐயா, நீங்கள் வீடு பார்க்கும் தெருவின் கம்பங்களில் ஒரே கொடிதான் பறக்கிறதா, இரண்டு மூன்று கொடிகள் பறக்கின்றனவா, கொடியே இல்லையா என்று பாருங்கள். இரண்டு மூன்று பறந்தாலும் அஞ்ச வேண்டாம். ஒரே கொடி மட்டும் எல்லாக் கம்பங்களிலும் இருந்தால் யோசியுங்கள். முடிந்தால் விழா நாள் ஒன்றில் போய்ப் பாருங்கள்; இங்கே ஜூலை 12 அணிவகுப்பு நாளில் தெருவைப் பார்த்தவர்கள் ஏமாறுவதில்லை.

முத்தியால்பேட்டை வீட்டுக்காரி

நான் வீடு தருகிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியை இருபது ஆண்டுகளாக வாடகைக்கு விடுகிறோம். எங்கள் அச்சத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

குடியிருப்பவர் எந்தக் கட்சி என்பது எங்களுக்குப் பொருட்டில்லை. தேர்தல் நேரத்தில் மாடியில் கொடி கட்டுவார், கூட்டம் கூடும், எதிர்த்தரப்பினர் வந்து எங்கள் வாசலில் நிற்பார்கள், கண்ணாடி உடைந்தால் எங்கள் கண்ணாடி உடையும் என்பதே எங்கள் கவலை. ஒருமுறை எங்கள் மாடியில் இருந்த தம்பி ஒருவர், நல்ல பிள்ளை, முகநூலில் எழுதிய ஏதோ ஒன்றுக்காக இரவு பத்து மணிக்கு நாலைந்து பேர் வந்து கதவைத் தட்டினார்கள். என் கணவர் வெளியூரில் இருந்தார். நான்தான் வெளியே போய், “அவர் என் வீட்டில் குடியிருப்பவர், பேச வேண்டுமானால் காலையில் வந்து என்னிடம் பேசுங்கள்” என்றேன். சொல்லும்போது எனக்குக் கால் நடுங்கியது. எதிர்வீட்டு அண்ணன் லுங்கியோடு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்ற பிறகுதான் அவர்கள் போனார்கள். அந்த அண்ணனும் வந்தவர்களும் ஒரே கட்சி.

அந்தத் தம்பி மறுமாதம் தாமாகவே காலி செய்துவிட்டார். எங்களுக்குத் தொல்லை வேண்டாம் என்று நினைத்தாராம். அவரைப் போகவிட்டதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். கொஞ்சம் அழுத்திச் சொல்லி இருக்கவைத்திருக்கலாம்.

ஆகையால் தெற்குவாசல் ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன். வீடு பேசும் நாளிலேயே உங்கள் கருத்து இன்னது, மாமனார் கருத்து இன்னது என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் வேறொருவர் வாயால் கேட்டால்தான் எங்களுக்குக் கலக்கம் வரும். முன்கூட்டியே தெரிந்துகொண்டு சாவியைக் கொடுத்தவருக்கு, பிறகு உங்களுக்காக நிற்க ஒரு மனக்கடமை வந்துவிடுகிறது.

ஆலைத்தெரு

வீட்டுக்காரி அம்மா எழுதியதைப் படித்து நெகிழ்ந்துபோனேன். உள்ளூர்க்காரருக்கு உள்ளூர்க்காரர் எதிரே நின்ற அந்த அண்ணனைத்தான் நான் ‘சோதனை’ என்று மேலே குறிப்பிட்டேன்.

பழந்தாள்

நானும் அவ்வாறே உணர்ந்தேன். ஆலைத்தெரு எழுப்பிய கேள்விக்கு என் பதில் பாக்கி இருக்கிறது. 1936ஐ நான் மறுக்கவில்லை. அடைக்கலம் கொடுத்தது அரசு என்று எண்ணும்போதுதான் அது முரண்பாடாகத் தெரிகிறது. அடைக்கலம் கொடுத்தவர்கள் வேறு, சுட்டவர்கள் வேறு.

ஒரு நிகழ்ச்சியை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 1912இல் வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே அரசுக்கு எதிரான தாள்கள். இவர்களைச் சிக்கவைக்கவே அதை யாரோ போட்டிருந்தார்கள். மறைக்காமல் பிரஞ்சுப் போலீசிடம் அவர்களே தெரிவித்தார்கள். அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்த நீதிபதி, மேசையில் கிரேக்க, லத்தீன் நூல்களைப் பார்த்து வியந்து மரியாதையோடு திரும்பிப் போனார். இங்கே அரசு அதிகாரி ஒருவரும் நல்லவராக நடந்துகொண்டார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் நாம் கிரேக்க நூல் வைத்திருந்தால்தான் மதிப்பார்கள் என்ற நிலையில் எளிய மனிதர் எவரும் பாதுகாப்பாக இருக்க முடியாது. அந்த ஆலைத் தொழிலாளர்களின் வீட்டில் கிரேக்க நூல்கள் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அடைக்கலம் நீண்டால் அதுவே சிறையாகும். பாரதிக்கு வந்த கடிதங்கள் இடைமறிக்கப்பட்டன. அவர் இதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடை. அன்பர்கள் பலர் இருந்தும் எல்லைக்கு அப்பால் இருந்த வாசகரை அவரால் அடைய முடியவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1918 நவம்பரில் அவர் எல்லையைக் கடந்தார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். டிசம்பரில் நிபந்தனைகளோடு விடுதலையானார். தெற்குவாசல் அவர்களே, உங்களுக்கு வாயை மூடிக்கொண்டு வாழ ஓர் இடம் தேவையில்லை என்று நினைக்கிறேன். “அரசியல் பேசாதவரை எல்லாம் நலம்” என்று சொல்லும் வீடு கிடைத்தால், அது உங்கள் இப்போதைய வீட்டைவிடச் சிறந்ததாக இருக்காது.

தெற்குவாசல்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடந்த இரண்டு வாரங்களில் இரண்டு வீடுகள் பார்த்தோம்.

முதல் வீட்டை விளக்குக் கம்பங்களைப் பார்த்த பிறகும் ஏற்கும் நிலையில்தான் இருந்தோம். தரகர் வாசலிலேயே என்னைத் தனியே அழைத்து, “அந்தப் பேச்செல்லாம் எடுக்காதீங்க சார், வீடு கைவிட்டுப் போயிடும்” என்றார். பழந்தாள் எழுதிய கடைசி வரி நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டோம்.

இரண்டாவது வீட்டில் தரகர் இல்லை. டு-லெட் பலகையைப் பார்த்துப் போனோம். உரிமையாளர் ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர். வீட்டுக்காரி அம்மா சொன்னபடி, பழைய குடியிருப்பில் நடந்தது முழுவதையும் என் மனைவியே சொன்னார். மாமனார் தம் கட்சியைத் தாமே சொன்னார். உரிமையாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தாம் எங்கள் இருவருக்கும் பொதுவான எதிர்க்கட்சி என்றும், தமக்கும் தம் அண்ணனுக்கும் இதே காரணத்தால் எட்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எங்களைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டார், எதிர்வீட்டார், தெருமுனை மளிகைக்கடைக்காரர் ஆகியோரிடம் “மாடிக்கு வரப்போகிறவர்கள்” என்று அறிமுகப்படுத்தினார். அப்போது நாங்கள் இன்னும் முன்பணம்கூடப் பேசவில்லை.

பேசி முடித்துவிட்டோம். மே மாதக் கடைசி ஞாயிறு பால் காய்ச்சுகிறோம். தம் தலைவரின் படத்தைக் கூடத்தில் மாட்டலாமா என்று மாமனார் கேட்கிறார். கூடத்தின் ஒரு சுவர் அவருக்கு, எதிர்ச் சுவர் எனக்கு என்று முடிவாகியிருக்கிறது.

வழக்காடி அவர்களிடம் ஒரு கேள்வி: காலி செய்யச் சொல்வதானால் மூன்று மாத அவகாசமும் எழுத்தில் காரணமும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்க உரிமையாளர் தாமாகவே முன்வருகிறார். சேர்க்கலாமா?

வழக்காடி

தாராளமாகச் சேர்க்கலாம். இரு தரப்புக்கும் ஒரே அவகாசம் என்று எழுதுங்கள். இரண்டு படிகளில் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கையெழுத்துக்கு எதிர்வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள்.